வலப்பக்கம் ஒரு விரற்கடை

எரிந்த கரும்பு புளித்துப்போனால் என்ன நாற்றம் வரும் என்று நான் விளக்கப் போவதில்லை. நான் பட்ட பாடு போதும். ஜீப்பிலிருந்து காலைக் கீழே வைத்ததுமே, காலையில் தின்ற ரொட்டியும் டின் மீனும் தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

"மூக்கைப் பொத்தாத, தொர்சா. மரியாதை இல்லாதவன்னு நினைப்பாங்க," என்றார் மெரேயா அக்கா.

"மரியாதையாத்தான் பொத்துறேன் அக்கா. ரெண்டே விரல்ல."

அக்கா சிரிக்கவில்லை. மூன்று நாளாகவே சிரிக்கவில்லை. லம்பாசா டவுன் போலீஸில் வண்டிப் பிரிவைக் கட்டி மேய்த்துவிட்டு வெளியே வந்தவர் அவர். இப்போது கரும்பு விவசாயிகளின் காப்பீட்டு நிதிக்காகத் தீப்பிடித்த வயல்களைத் துப்பறிகிறார். நான் அவருக்கு டிரைவர், மூட்டை தூக்கி, பேச்சுத் துணை. சம்பளம் முதல் வேலைக்கு மட்டும்.

அன்று மூட்டை, செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டிய யங்கோனா வேர்க்கட்டு. ஒரு வீட்டுக்கு மரியாதையாகப் போவதென்றால் எங்கள் தீவில் வெறுங்கையோடு போக மாட்டோம். வேரைக் கொடுத்து, இடித்துக் கரைத்து, கூட உட்கார்ந்து குடிப்போம். அதெல்லாம் சரி. ஆனால் எரிந்த வயலின் சொந்தக்காரர் ஜகேசருக்கு எதற்கு மரியாதை என்றுதான் எனக்குப் புரியவில்லை.

"இந்த ஆளுக்குப் போயி வேர் குடுக்கணுமா அக்கா?"

"ஜீப்புலயே வை. கடைசியில வேணும்."

விஷயம் இதுதான். திங்கட்கிழமை மதியம் ஜகேசரின் வயல் பற்றிக்கொண்டது. பக்கத்து வயலில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. அங்கே பாரம் ஏற்ற வந்த ஆர்முகத்தின் பழைய பெட்ரோல் லாரி, ஜகேசரின் வயலோரமாக நின்றிருந்தது. வெட்டுக்காரன் ஜோனே, சாப்பாட்டு வேளையில் ஜகேசரின் வெட்டாத கரும்புக்குள் நிழலைப் பார்த்துப் படுத்துத் தூங்கிவிட்டான். கூச்சல் கேட்டு ஆர்முகம்தான் உள்ளே பாய்ந்து அவனை இழுத்து வந்தார். ஜோனேவுக்கு இரண்டு காலும் முழங்கால்வரை வெந்துவிட்டது. அவன் மெரேயா அக்காவின் ஊர்க்காரன்.

'லாரிக் குழாயிலிருந்து தீ கக்கியதைக் கண்ணால் பார்த்தேன்' என்று ஜகேசர் சொன்னார். அதை எல்லாரும் நம்பினார்கள். கொடுமை என்னவென்றால் ஆர்முகமே நம்பிவிட்டார். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கையில் கட்டோடு, சோறு தண்ணீர் இல்லாமல் ஒரே பாட்டு: 'என் வண்டிதான் அவனைச் சுட்டுச்சு. கோர்ட்ல ஒத்துக்கிறேன்.' மறுநாள் காலை கோர்ட். அவர் ஒத்துக்கொண்டுவிட்டால் அப்புறம் யார் என்ன கண்டுபிடித்தாலும் கதை முடிந்தது.

ஜகேசர் வாசலில் பாய் விரித்து, மரத்தொட்டியில் யங்கோனாவைக் கரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, வாரிய தலை, முகமெல்லாம் துக்கம். துக்கத்தையும் வாரித்தான் வைத்திருந்தார்.

"வா மெரேயா, வா. பாவம் ஜோனே! எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. முதல்ல ஒரு கிண்ணம் போடு."

"வேலை முடியட்டும்," என்றார் அக்கா.

நீட்டிய கிண்ணம் அந்தரத்தில் நின்றது. எங்கள் ஊரில் கிண்ணத்தை வேண்டாமென்பதும் கன்னத்தில் அறைவதும் ஒன்றுதான். என் நாக்கு வறண்டுதான் கிடந்தது. ஆனால் அக்கா குடிக்காத இடத்தில் நான் குடித்தால் திரும்பிப் போக ஜீப்பில் இடம் கிடைக்காது. ஜகேசர் கிண்ணத்தைத் தானே குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

ஆர்முகத்தின் லாரி முற்றத்தின் நடுவில் நின்றது. பக்கத்தில் சார்ஜெண்ட் தெவிதா கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நல்ல மனிதர்தான். வேலையைச் சீக்கிரம் முடிப்பதுதான் நீதி என்று நம்புகிற நல்ல மனிதர்.

"மெரேயா, இதுல துப்பறிய ஒண்ணுமே இல்ல. வந்து பாரு." பானட்டைத் தூக்கி டார்ச் அடித்தார். கரி, எண்ணெய்ப் பிசுக்கு, அதில் ஒட்டிச் செத்த கரப்பான். "இதுதான் டிஸ்ட்ரிபியூட்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் எப்போ பொறி போகணும்னு பங்கு போடுற சாமான். மில் பட்டறையில டைமிங் வச்சப்போ உளியால ஒரு கோடு போட்டிருக்காங்க. பாதிக் கோடு இதுல, பாதி என்ஜின்ல. ரெண்டும் நேரா நிக்கணும். நிக்குதா?"

நிற்கவில்லை. மேல்பாதிக் கோடு வலப்பக்கமாக ஒரு விரற்கடை தள்ளிப் போயிருந்தது.

"நான் அன்னிக்கே சொன்னேனே!" ஜகேசர் பாயிலிருந்து எழுந்து வந்துவிட்டார். பாடம் நடத்தக் கிடைத்த சந்தோஷத்தில் துக்கம் கொஞ்சம் கலைந்துவிட்டது. "டைமிங் லேட்டு. பொறி நேரத்துக்கு வரலேன்னா பெட்ரோல் உள்ள எரிஞ்சு முடியாது. எரியுறப்பவே வெளிய போகும். குழாய் பழுக்கப் பழுக்கச் சிவக்கும். டப்பு டப்புன்னு தீயா கக்கும். கீழ காஞ்ச கரும்புச் சோகை. அப்புறம் என்ன? ஆர்முகம் நல்லவன்தான். ஆனா வண்டியைப் பாக்கத் தெரியாதவன்."

"சரியாத்தான் சொல்றீங்க," என்றார் அக்கா. "லேட்டா இருந்தா அப்படித்தான் ஆகும். இதை யாராவது ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

சார்ஜெண்ட் ஜகேசரைப் பார்த்தார். ஜகேசர் வானத்தைப் பார்த்தார்.

"பேட்டரி செத்துக் கிடக்கு. ஆர்முகம் ஒரு வாரமா ஹேண்டில் போட்டுத்தான் ஓட்டிக்கிட்டு இருந்தான். ரோட்டுல நின்னா யாராச்சும் கழட்டிக்கிட்டுப் போயிடுவான்னு, அன்னிக்குச் சாயங்காலம் நான்தான் டிராக்டர்ல கட்டி இழுத்தாந்தேன். இவ்வளவுதான் நான் செஞ்ச உபகாரம்."

"பெரிய உபகாரம். தொர்சா, ஹேண்டில் போடு."

இதுதான் என் வாழ்க்கை. சாவியைப் போட்டுவிட்டு, முன்பக்கத்து ஓட்டையில் இரும்புக் கைப்பிடியைச் செருகி, மூச்சைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். 'டங்!' கைப்பிடி என்னைத் திருப்பி அடித்தது. நான் ஒரு பக்கம் சுற்ற, அது எதிர்ப்பக்கம் எகிறி என் மணிக்கட்டைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. நான் எண்ணெய்ச் சேற்றில் உட்கார்ந்தேன்.

"ஐயோ! கழுதைகூட முன்னாடியே ஒரு முறை முறைச்சுட்டுத்தான் உதைக்கும்!"

மெரேயா அக்கா சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு. அதற்கு என் மணிக்கட்டைத்தான் காவு கொடுக்க வேண்டியிருந்தது.

"இன்னொரு தரம் போடு தொர்சா."

"எனக்கு ரெண்டு கைதான் அக்கா. ஒண்ணு சோத்துக்கு வேணும்."

"சரி, விடு. ஜீப் பேட்டரியை இழுத்துக் கட்டு. பையில இருக்கிற லைட்டையும் எடு."

கம்பி கட்டி ஸ்டார்ட்டரைத் தட்டினோம். என்ஜின் திணறித் திணறி, இரண்டு தடவை முனகி, ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. பிடித்ததும் தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். அக்கா மிதியை அழுத்தி அழுத்தி விட்டார். சத்தம் கூடியது. நான் பின்னால் போய்ப் புகைக்குழாய் வாயில் ஒரு பிடி காய்ந்த சோகையைப் போட்டுப் பார்த்தேன். அது பாட்டுக்குக் கிடந்தது. தீயும் இல்லை, டப்பும் இல்லை.

அடுத்து டைமிங் லைட். முதல் சிலிண்டருக்குப் பொறி போகும்போதெல்லாம் ஒரு மின்னல் அடிக்கும் துப்பாக்கி மாதிரி விளக்கு அது. சுற்றுகிற சக்கரத்தில் ஒரு வெள்ளைக் கோடும், அதற்கு எதிரே என்ஜினில் அசையாத ஒரு குறிமுள்ளும் இருக்கும். மின்னல் வெளிச்சத்தில் கோடு அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும், வண்டியின் வண்டவாளம் தெரிந்துவிடும்.

"சார்ஜெண்ட், குனிஞ்சு பாரு. கோடு எங்க நிக்குது?"

தெவிதா குனிந்தார். தொப்பி விழுந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். "முள்ளுக்கு... இந்தப் பக்கமா? முள்ளுகிட்ட வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே நிக்குதே."

"அப்போ பொறி லேட்டா வருதா, முன்னாடியே வருதா?"

"முன்னாடியே." சார்ஜெண்டுக்கு முதல்முறையாகக் கடிகாரம் மறந்துபோனது. "லேட்டே இல்லையா?"

"லேட்டே இல்ல. பிஸ்டன் மேல ஏறி முடிக்கிறதுக்குள்ள பொறி அடிச்சு அதைக் கீழ தள்ளுது. அதான் ஹேண்டில் இவனை உதைச்சுது. அதான் இந்தக் கூழாங்கல் சத்தம். இப்படி இருக்குற வண்டி டிரைவர் கையை ஒடிக்கும். பின்னாடி தீ கக்காது."

"கை ஒடிஞ்சதுக்குச் சாட்சி இங்க இருக்கு," என்று நான் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை.

அக்கா என்ஜினை நிறுத்தினார். "ஆர்முகம் ஒரு வாரமா ஹேண்டில் போட்டிருக்காரு. திங்கக்கிழமை காலையிலயும் போட்டிருக்காரு. அவர் கை முழுசாத்தான் இருக்கு. வெந்திருக்கு, ஆனா ஒடியல. அப்போ காலையில டைமிங் சரியா இருந்திருக்கு. தீக்கு அப்புறம்தான் யாரோ இதைத் திருப்பியிருக்காங்க."

"யாரோன்னா?" ஜகேசரின் குரல் கொஞ்சம் மேலே போனது. "என் முற்றத்துல ஆயிரம் பேர் வர்றான், போறான். கூலிக்காரப் பசங்க. ஆர்முகத்துக்கு ஆகாதவன் எவனாவது செஞ்சிருப்பான். இந்தக் காலத்துல யாரை நம்ப முடியுது?"

"யாரையும் நம்ப முடியல," என்று அக்கா பெருமூச்சு விட்டார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோலக் கொட்டகைப் பக்கம் திரும்பினார். "அது என்ன, உங்க பழைய லாரியா? இன்னும் ஓடுதா?"

கொட்டகையில் ஒரு லாரி மணப்பெண் மாதிரி நின்றிருந்தது. பச்சையும் தங்கமுமாகப் பெயின்ட், கண்ணாடியில் காகிதப்பூ மாலை. இந்த வட்டாரத்தில் மற்ற எல்லாரும் டீசலுக்கு மாறிவிட்டார்கள். டீசலில் டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை, பொறியும் இல்லை. மிச்சமிருந்த பெட்ரோல் லாரிகள் இரண்டே. ஒன்று ஆர்முகத்தின் ஓட்டை, இன்னொன்று ஜகேசரின் ஒய்யாரி. திருவிழாவுக்குச் சாமி தூக்கவும் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றவும் மட்டும் வெளியே வரும். கரும்பு ஏற்றினால் பெயின்ட் போய்விடுமாம்.

"ஓடுதாவா? நானே பாத்துக்கிறேன். ஒரு மெக்கானிக் கையைத் தொட விட்டதில்ல!" துக்கம், பயம் எல்லாம் போய் ஜகேசருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். வெண்ணெய் மாதிரி ஓடியது. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"டைமிங் நீங்களே வைப்பீங்களா?" அக்கா கண்ணை அகல விரித்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். அதைப் பார்த்தால் நான் உடனே என் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். "சார்ஜெண்டுக்கு ஒண்ணுமே புரியல. நீங்க நல்லாச் சொல்லித் தருவீங்க. இப்போ லேட்டாக்கணும்னா இதை எந்தப் பக்கம் திருப்புறது?"

"இதென்ன பெரிய வித்தை?" இறங்கி வந்து பானட்டைத் தூக்கி டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் பிடித்தார். "நட்டைத் தளர்த்திட்டு, இப்படி. வலப்பக்கம். ஒரு விரல் தள்ளினாப் போதும், லேட்டாயிடும்."

"வலப்பக்கம் ஒரு விரல்."

"ஆமா. எல்லா வண்டிக்கும் அதான்."

"பாத்துக்க சார்ஜெண்ட்," என்றார் அக்கா. "தொர்சா, ரெண்டு வண்டியிலயும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டு. சாவி வேணாம், உன்னை உதைக்காது. மெதுவா ஹேண்டில் போடு. உள்ள பொறியைக் கொண்டுபோற சுத்துமுள் ஒண்ணு இருக்கு பாரு. அது எந்தப் பக்கம் சுத்துதுன்னு நீயே சொல்லு."

ஒய்யாரியில் சுற்றினேன். உள்ளே முள் வலப்பக்கமாக ஓடியது. ஆர்முகத்தின் லாரிக்கு வந்தேன். மனசுக்குள் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சுற்றினேன். முள் இடப்பக்கமாக ஓடியது.

நான் நிமிர்ந்தேன். நாற்றத்தைக்கூட ஒரு நிமிடம் மறந்துவிட்டேன்.

சார்ஜெண்ட் விழித்தார். "அதனால?"

"சார்ஜெண்ட், நீங்கதான் அந்த முள்ளுன்னு வைங்க. பஸ்ஸைப் பிடிக்க ஓடுறீங்க," என்றேன். "நீங்க ஓடுற பக்கமாவே பஸ் ஸ்டாப்பை நான் தள்ளி வச்சா?"

"லேட்டாப் போய்ச் சேருவேன்."

"ஸ்டாப்பை உங்களுக்கு எதிர்ல கொண்டாந்து வச்சா?"

"முன்னாடியே..." அவர் வாய் அப்படியே நின்றது. பார்வை மட்டும் மெதுவாக ஜகேசரிடம் போனது.

"முள் வலது ஓடுற வண்டியை வலது திருப்பினா லேட்டாகும்," என்றார் அக்கா. குரலில் இப்போது இனிப்பு இல்லை. "முள் இடது ஓடுற வண்டியை வலது திருப்பினா முன்னாடியே ஆகும். ஆர்முகம் வண்டியை லேட்டாக்கணும்னு ஒருத்தன் ராத்திரியோட ராத்திரியா வலப்பக்கம் திருப்பியிருக்கான். எல்லா வண்டிக்கும் வலப்பக்கம்தான்னு நம்புறவன். தன் ஒரே வண்டியைத் தவிர வேற எதையும் தொட்டே பாக்காதவன். ஸ்டார்ட் பண்ணியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். சத்தம் கேக்குமேன்னு பண்ணல. யாரும் திறக்காத வண்டிக்கு, டைமிங் லேட்டுன்னு அன்னிக்கே போலீஸ்கிட்ட சொன்னதும் அவன்தான்."

ஜகேசர் கைக்குட்டையால் டிஸ்ட்ரிபியூட்டரைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"என் வயலை நானே எதுக்கு எரிக்கணும்? எனக்குப் பைத்தியமா?"

"வெட்டு முறையில உங்க வயல் கடைசி. மழை வரப்போகுது, மில் மூடப்போகுது. நின்ன கரும்பு நின்னபடியே போயிடும். ஆனா எரிஞ்ச கரும்பு புளிச்சுடும்னு மில்லுல அதை முதல்ல எடுத்துக்குவாங்க. வயல்ல சிதறிக் கிடக்குறது போக, நேத்தோட உங்க கரும்பு பூரா மில்லுக்குப் போயிடுச்சு. ஒழுங்கா முறைக்குக் காத்திருந்தவன் எல்லாரும் இன்னும் வரிசையில நிக்கிறான்."

இது எங்கள் ஊரில் புதிதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் யாராவது ஒருவனின் வயல் 'தானாகப்' பற்றிக்கொள்ளும். எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டோம். நானும் சிரித்துக்கொண்டு கடந்து போனவன்தான். அந்த முற்றத்தில் நின்றபோது அந்தச் சிரிப்பையெல்லாம் வாந்தியெடுக்க வேண்டும்போல இருந்தது.

"ஊர்ல எல்லாரும் செய்யுறதுதானே!" ஜகேசர் வெடித்தார். "நான் மட்டும்தான் கிடைச்சேனா? உள்ள ஒருத்தன் படுத்துக் கிடப்பான்னு நான் என்ன கனவா கண்டேன்? அவனை யாரு அங்க படுக்கச் சொன்னது?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. சார்ஜெண்ட் தெவிதா தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவர் தோளில் கை வைத்தார். மனிதர் அதை மெதுவாக வைக்கவில்லை.

"தொர்சா, ஜீப்புல இருக்குற வேர்க்கட்டை எடுத்தா."

எடுத்து வந்தேன். அக்கா அதை வாங்கி ஜகேசரின் பாயில், தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு கையாலும் வைத்தார், முறைப்படி. சிவப்பு ரிப்பனைப் பார்த்ததும் ஜகேசரின் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"ரிப்பன் தெரியுதா? நீங்க கட்டினதுதான். செவ்வாக்கிழமை எங்க ஊருக்கு வந்து, ஜோனேவோட அம்மா முன்னாடி இதை வச்சு அழுதீங்க. நாங்க உங்களை நடுவுல உட்கார வச்சு முதல் கிண்ணம் குடுத்தோம். மரியாதைக்கு நானும் கை தட்டினேன்." அக்கா உள்ளங்கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டார். "பாதியைக் குடிச்சுட்டோம். அதைத் திருப்ப முடியல. மிச்சத்தை ஊர் திருப்பி அனுப்பியிருக்கு."

எங்கள் தீவில் வாங்கிய வேரைத் திருப்பிக் கொடுப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஜகேசர் சார்ஜெண்டின் பிடியிலிருந்து திமிறவில்லை. அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் தொடவுமில்லை.

ஸ்டேஷனில் ஆர்முகம் அதே பெஞ்சில் அதே மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தட்டில் காய்ந்துபோன மரவள்ளிக்கிழங்கு. அக்கா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னார். கோடு, முள், வலப்பக்கம், மில் வரிசை.  கேட்டு முடித்ததும் அவர் தலையை நிமிர்த்தினார்.

"அப்போ என் வண்டி இல்லையா?"

"இல்லண்ணே."

"நிசமாவா?"

"உங்க வண்டி உதைச்சது என்னை மட்டும்தான்," என்று வீங்கிய மணிக்கட்டை நீட்டினேன். அவர் அதைக் கட்டுப் போட்ட கைகளால் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு வலித்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அப்போ நான் அவனைப் போய்ப் பாக்கலாமா? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறதுன்னுதான் இருந்தேன்."

ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியெல்லாம் மில் புகை நாறியது. ஆஸ்பத்திரி வாசலில் அவர் கால் பின்வாங்கியது. அக்கா முதுகில் கை கொடுத்து உள்ளே தள்ளினார். ஜோனே கட்டிலில் கால் இரண்டும் கட்டோடு கிடந்தான். கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்குக் கோபம்தான் வந்தது.

"என்னண்ணே, இழுத்துப் போட்டுட்டுப் போனா அவ்வளவுதானா? மூணு நாளா வாசலையே பாத்துக்கிட்டுக் கிடக்கேன். ஏன் இவ்வளவு லேட்டு?"